நாலுக்கு வழி இல்லை

போடியில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. கீழே பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரிப்பார்கள். அந்த வாசம் படியேறி வந்து சேலையில், சோற்றில், பிரிண்டர் காகிதத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மேசை மேல் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் பிரிண்டர், சுவரில் வயர்லெஸ், அதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர். ஸ்பீக்கர் எந்நேரமும் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். யாரோ மூச்சு விடுகிற மாதிரியே இருக்கிறது என்று அறைக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் ஒத்துக்கொண்டதில்லை. தனியாக இருக்கும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்து வைப்பேன்.

எண்பதுகளின் பின்பாதி. எனக்கு இருபத்துநாலு வயது, மூக்குக்கு மேல் கோபம். மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். மலையில் பெய்கிற மழையைக் கீழே உட்கார்ந்தபடியே அளக்க வேண்டும் என்று அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். எந்த மலை என்று பேச்சு வந்தபோது நான் ராசிங்காபுரத்துக்காரி என்பது யாருக்கோ ஞாபகம் வந்து, போடி மலை என்று முடிவாயிற்று. ஊரில் ஒரே கேலி. "மொட்டமாடியில நின்னு பாத்தாத் தெரியாதா ஆத்தா, மலையில மழை பெய்யுதான்னு? இதுக்கா அம்புட்டுப் படிப்பு?" என்று என் அப்பாவே கேட்டார்.

ஏலத்தோட்டங்களில் ஆறு இடங்களில் கம்பம் நட்டு ஆறு இரும்புப் பெட்டிகளை மாட்டினோம். உள்ளே மழை அளக்கும் கருவி, வயர்லெஸ், பேட்டரி. கால்மணிக்கு ஒருமுறை போடியிலிருந்து என் புரோகிராம் ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிடும். கூப்பிட்ட பெட்டி பதிலுக்கு ஒரு பாக்கெட் அனுப்பும். பாக்கெட் என்றால் தபால் உறை மாதிரிதான்: மேலே அனுப்பியவர் எண், உள்ளே மழை எவ்வளவு என்ற சேதி, கடைசியில் வழியில் எதுவும் சிதையவில்லை என்று சரிபார்க்க ஒரு கூட்டல் எண். போடியைப் பார்த்தபடி இருந்த பெட்டிகள் நேராகப் பேசின. நாலாம் பெட்டி மட்டும் முகட்டுக்குப் பின்னால். அதன் பாக்கெட்டை மூன்றாம் பெட்டி வாங்கி எங்களுக்குத் தள்ளிவிடும். மூன்று படுத்தால் நாலுக்கு வழி கிடையாது.

பெட்டிகளுக்குக் குரல் உண்டு. பாக்கெட் வரும்போது ஸ்பீக்கரில் கிறீச்சென்று அரை நொடி கேட்கும். எல்லாம் ஒரே மாதிரி செய்த பெட்டிகள்தான், ஆனாலும் ஒவ்வொன்றின் சத்தமும் துளி வித்தியாசப்படும். ஒன்று கரகரப்பு, மூன்று கட்டைக் குரல். மலையேற்றுவதற்கு முன் மேசையில் வரிசையாக வைத்துச் சோதித்தபோது நாலாம் பெட்டியின் குரல்தான் எல்லாவற்றிலும் மெல்லிசாக, முடிவில் சற்று மேலேறிக் கேட்டது. கேள்வி கேட்பது போல இருக்கிறதே என்று நினைத்தேன். மலைக்குப் போன பிறகு அந்தக் குரல் எங்களுக்குக் கேட்கவேயில்லை. நாலின் சேதியெல்லாம் மூன்றின் கட்டைக் குரலில்தான் வந்தன.

அறைக்கு ஆப்பரேட்டராகச் சிலமலைக்காரர் ஒருவரை வைத்தோம். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன் மலைக்குப் போகிற ஜீப்புகளில் ஆள் ஏற்றிவிடுகிற சோலி. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பார், அர்த்தம் தெரியாது. முதல் வாரம் என்னை 'மேடம்' என்றார். பக்கத்து ஊர்க்காரி என்று தெரிந்ததும் 'ஆத்தா' ஆகிவிட்டேன். பிரிண்டரில் தப்பு என்று வந்தால் எனக்குச் சொல்ல வேண்டும், நான் இல்லாவிட்டால் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட வேண்டும். அதுதான் அவர் வேலை.

அவருடைய ஒரே மகளை மலையில் கட்டிக்கொடுத்திருந்தார். நாலாம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மருமகனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். பெட்டிக்கு நாலு என்று எண் வந்ததே, அது நாலாம் நம்பர் லயத்துக்கு மேலே மேட்டில் நின்றதால்தான். லயம் என்றால் தோட்ட வேலைக்காரர்களின் வரிசை வீடுகள். அந்த வரிசையில் கடைசி வீட்டில் மகள் இருந்தாள். தலைப்பிரசவம். கடைசிப் பழம் எடுப்பு, அதாவது ஏலக்காய் பறிப்பு, முடியட்டும், தீபாவளிக்குக் கூட்டிவந்து சிலமலையில் வைத்துக்கொள்வோம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

வேலை தொடங்கிய இரண்டாம் வாரம் ஒரு காலையில் போனால் அறை பூட்டிக் கிடந்தது. கிட்டங்கிக்காரர்களைக் கேட்டால், ஆள் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார் என்றார்கள். பொழுது சாயும்போது தொப்பலாக நனைந்து வந்து நின்றார். பிடிபிடியென்று பிடித்தேன்.

"நாலு தப்புன்னு போட்டுச்சே ஆத்தா," என்றார். "பதறிப்போயி ஓடினேன். பெட்டியும் நல்லாத்தான் இருக்கு, பிள்ளையும் நல்லாத்தான் இருக்கு."

காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். ERR 4 என்று இருந்தது. அது நாலாம் பெட்டி இல்லை. நாலாம் வகைத் தப்பு. கூட்டல் எண் ஒத்துவராத, மழையில் சிதைந்த ஏதோ ஒரு பாக்கெட். எந்தப் பெட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். தப்புகளுக்கு ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்டு, பட்டியலை என் நோட்டில் எழுதி, நோட்டை என் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அந்த மலையில் காட்டுக்கு நம்பர், லயத்துக்கு நம்பர், ஜீப்புக்கு நம்பர். நாலு என்று சொன்னால் மகளை நாலாம் லயத்தில் வைத்திருக்கிற ஒரு மனுஷனுக்கு வேறு என்ன தோன்றும்? திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு அது வராது. அதற்குப் பதிலாக உட்கார்ந்து பிழைச் செய்திகளை எல்லாம் மாற்றி எழுதினேன்.

நம்பரைத் தூக்கி எறிந்துவிட்டுத் தமிழில் போட்டேன். அந்தப் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து வராது, அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ். கரண்ட்டு, மழை, வழி என்று சில சொற்கள், பின்னால் 'இல்லை' அல்லது 'வந்திருச்சு'. இரண்டையும் புரோகிராமே ஒட்டிக்கொள்ளும். CURRENT ILLAI, CURRENT VANTHIRUCHU. படிக்கிறவருக்கு அகராதி வேண்டாம், நோட்டு வேண்டாம். எனக்கு ஒரே பெருமை.

ழகரத்துக்கு ZH போடுவதுதான் வழக்கம். நான் போடவில்லை. எங்கள் பக்கத்து நாக்கில் ழ நிற்காது. பழம் பளம், மழை மளை. காலேஜில் முதல் வருஷம் முழுக்க அதற்காக என்னைக் கிண்டல் செய்தார்கள். 'வாளப்பளம்' என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். அந்தக் கடுப்பு எனக்குள் அப்படியே இருந்தது. எங்கள் ஊர் ஆள் படிக்கிற காகிதம், எங்கள் ஊர் மாதிரியேதான் இருக்கட்டும் என்று எல்லா இடத்திலும் வெறும் L போட்டேன். வீம்பு, வேறொன்றுமில்லை.

புதுச் செய்திகள் வந்த முதல் நாளே அவர் சிரித்தார். MOONULA MALAI ILLAI என்று அச்சாகியிருந்தது. மூன்றாம் பெட்டி இருக்கும் இடத்தில் மழை இல்லை என்று அர்த்தம்.

"என்னாத்தா, மூணுல மலையவே காணோம்னு போட்டிருக்கு!"

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். மஞ்சு இறங்கி மலை முழுக்க மறைந்திருந்தது. தெருமுனைக்கு அப்பால் வெள்ளையாக ஒன்றுமில்லாமல் கிடந்தது. "நெசந்தான்," என்றார், சிரிப்பை நிறுத்திவிட்டு. நானும் சிரித்தேன். ஒரே எழுத்தில் மழையும் மலையும் ஒன்றாகிவிட்டதே, இன்னும் எத்தனை சொல் இப்படி ஆகும் என்று அன்றைக்கு நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு அறையின் சுபாவமே மாறியது. ERR என்று போட்ட காலத்தில் பிரிண்டரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அது சொற்களில் பேச ஆரம்பித்ததும் ஆட்கள் மாடியேறி வரத் தொடங்கினார்கள். ஜீப் டிரைவர்கள் காலையில் எட்டிப் பார்த்து, "மலை என்ன சொல்லுது?" என்பார்கள். பெட்டி என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை, மலை என்ன சொல்கிறது என்றுதான் கேட்டார்கள். கிட்டங்கிப் பெண் ஒருத்தி செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வந்து நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. "இது குறி சொல்ற பெட்டி இல்லக்கா," என்றேன். அவள் தலையாட்டினாள், செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை.

ஆப்பரேட்டர் அண்ணன் பிரிண்டருக்குப் பதில் சொல்லப் பழகியிருந்தார். ஏதாவது அச்சானால், "சரி சரி, கேட்டுருச்சு," என்பார். நான் கேலி செய்தேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் நான் தட்டி உள்ளே வைத்தவை. ஆளில்லாத நேரத்தில் அவையே கடகடவென்று வெளியே வரும்போது, நான் எழுதியவை போலத் தெரியவில்லை. மஞ்சுக்குள்ளிருந்து யாரோ என் வாயை இரவல் வாங்கிப் பேசுவது போல இருந்தது.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பெட்டியின் பக்கத்திலும் சோதனைக்காக ஒரு பொத்தான் வைத்திருந்தோம். அழுத்தினால், போடி கூப்பிடாமலே பெட்டி ஒரு பாக்கெட்டை அனுப்பும், பொத்தானுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். மாமனாரும் மருமகனும் அந்தப் பொத்தானை வைத்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். தோட்டத்துப் போன் ஆபீசில் இருந்தது, லயத்திலிருந்து வெகுதூரம், மழை வந்தால் அதுவும் படுத்துவிடும். மகளுக்கு வலி கண்டால் மருமகன் பொத்தானை அழுத்த வேண்டும், போடியில் நாலைப் பற்றி மிஷின் ஏதாவது சொல்லும், உடனே மாமனார் ஜீப் எடுத்துக்கொண்டு போவார். ஆபீஸ் சாமானைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துகிறோமே என்ற பயம். அதோடு, கல்யாணமாகாத ஒரு பெண்ணிடம் பிரசவ வலியைப் பற்றி எப்படிப் பேசுவது என்ற கூச்சம். என்னிடம் சொல்லவில்லை. நான் எரிந்து விழுகிறவள் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஏழு மணிக்கு முதல் பஸ்சைப் பிடித்து வந்து மாடியேறினேன். அண்ணன் விடிவதற்கு முன்பே வந்திருந்தார். முகத்தில் நல்ல தெளிச்சி. கிளாசில் டீ.

காகிதத்தை எட்டிப் பார்த்தேன். MOONU PESALAI. அதற்குக் கீழே NAALUKKU VALI ILLAI. ஐந்தரை மணியிலிருந்து கால்மணிக்கு ஒருமுறை அதே இரண்டு வரி. மூன்றாம் பெட்டி மேல் மரமோ இடியோ விழுந்திருக்க வேண்டும். மூன்று போனால் நாலுக்கு வழி போகும். நான் எழுதி வைத்தபடி புரோகிராம் சரியாகவே சொல்லியிருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

"நாலுக்கு வளி இல்ல போலயேண்ணே," என்றேன்.

"ஆமாத்தா. விடிஞ்சதுலருந்து அதத்தான் சொல்லுது," என்றார். "நல்லதாப் போச்சு. நாளைக்குக் கூட்டியாந்துருவோம்."

"மளை வெறிக்கட்டும், போய்ப் பாத்துக்கலாம்."

"அதான், என்ன அவசரம்."

இவ்வளவுதான் பேசினோம். மகளை அழைத்துவருவது பற்றி ஒரு வாரமாகவே பேசிக்கொண்டிருந்தார், அதனால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் என் வாயாலும் கேட்டுவிட்டார், காகிதத்திலும் படித்துவிட்டார். கால்மணிக்கு ஒருமுறை பிரிண்டர் கடகடக்கும், எழுந்து போய்க் கூட்டிப் படிப்பார், "சரி சரி, கேட்டுருச்சு," என்பார், திரும்பி வந்து உட்காருவார். எட்டு மணிக்கு ஒரு ஜீப் டிரைவர் வந்து ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, லோடு ஏற்றிக்கொண்டு போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார். "நாளைக்கு வர்றேன் மாப்ளே, இன்னைக்குச் சோலி இல்ல," என்றார் அண்ணன். பதினோரு மணிக்கு மேலேதான் கொண்டை ஊசி வளைவில் பாறை உருண்டதாகச் சேதி வந்தது.

மதியம் ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கும். மலை பூராவும் மறைந்து, பகலிலேயே லைட் போட்டிருந்தோம். நான் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் யாரையும் கூப்பிடுகிற நேரமில்லை அது. ஸ்பீக்கரின் இரைச்சல் திடீரென்று அறுந்தது.

கிறீச்.

மெல்லிசாக, முடிவில் சற்று மேலேறி.

தூக்கின் மூடியைக் கீழே வைத்தேன். அண்ணன் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அந்த அறையில் அந்தக் குரல் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது, இடையில் முகடு இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து பேசினால் கட்டைக் குரலில்தான் பேச முடியும். கட்டைக் குரலோ காலையிலேயே ஊமையாகிவிட்டது.

பிரிண்டர் தானாக நகர்ந்தது. NAALUKKU VALI VANTHIRUCHU.

அண்ணன் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். "வந்திருச்சு," என்றார்.

"ஆமாண்ணே, வந்திருச்சு!" என்று நான் கத்தினேன். சந்தோஷத்தில் கத்தினேன். எப்படி வழி கிடைத்தது என்று புரியாவிட்டாலும் நாலு உயிரோடு இருக்கிறதே என்று.

அவர் காகிதத்தை வெடுக்கென்று கிழித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினார். "எங்கண்ணே போறீங்க?" என்று மேலேயிருந்து கேட்டேன். கீழே தெருவிலிருந்து, ஜீப்புகளுக்குக் கை காட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "பிள்ளைக்கு வலி வந்திருச்சு ஆத்தா!"

நான் படியில் அப்படியே நின்றேன். பிறகு அறைக்குத் திரும்பிப் போய், தரையில் மடிந்து கிடந்த மிச்சக் காகிதத்தை எடுத்து, அவர் கண்ணால் படித்தேன். நாலுக்கு வலி இல்லை. நாலுக்கு வலி இல்லை. ஐந்தரையிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை. எண்ணினேன், முப்பது முறை. காலையில் நான் சொன்ன 'வளி'யும், அதைப் படித்திருந்தவர் காதில் வலியாகத்தான் விழுந்திருக்கும். ஸ்பீக்கர் பழையபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். அது நின்ற பிறகு அறையில் இருக்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய்க் காய் பிரிக்கிற பெண்களோடு உட்கார்ந்துகொண்டேன்.

பாறை விழுந்த இடம் வரை ஜீப்பில் போயிருக்கிறார். பிறகு நடை. லயத்து ஆண்கள் நாலு பேர் டோலி கட்டி மகளைத் தூக்கிக்கொண்டு பாறைகளைத் தாண்டி வந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் முன்பே போய் வராந்தாவில் நின்றிருந்தேன். மகள் பிழைத்துக்கொண்டாள். பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பெண் பிள்ளை. நர்சம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "மத்தியானத்துக்குள்ள கொண்டாந்திருந்தாக்கூடப் பாத்திருக்கலாம்," என்றார். யாரையும் குறை சொல்லிச் சொல்லவில்லை. அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை.

மூன்று நாள் கழித்து ரோடு சரியானதும் மலைக்குப் போனேன். நாலாம் பெட்டி நின்ற மேடே இல்லை. லயத்தின் மேல் விழாமல் பக்கவாட்டில் சரிந்து போயிருந்தது. பெட்டி கம்பத்தோடு கீழே வெகுதூரம் போய், ஒரு பாறை விளிம்பில் சேற்றில் பாதி புதைந்து சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் இறங்கிப் போய் நின்று நிமிர்ந்தேன். முகடு பின்னால் போய்விட்டது. முன்னால், மஞ்சு விலகின இடைவெளியில், போடி தெரிந்தது. கிட்டங்கி ஓடுகூடத் தெரிந்தது. நின்ற வரைக்கும் அந்தப் பெட்டிக்குப் போடியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. விழுந்த பிறகுதான் அதற்கு வழி கிடைத்திருக்கிறது. தண்ணீர் புகுந்து சாவதற்கு முன், போய்ச் சேராததால் உள்ளே பிடித்து வைத்திருந்த கடைசிப் பாக்கெட்டைத் தன் சொந்தக் குரலில் அனுப்பியிருக்கிறது. இதுதான் விளக்கம். சரியான விளக்கம்தான். ஆனாலும் அந்தப் பெட்டியைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை, கூட வந்தவர்களைத்தான் தூக்கச் சொன்னேன்.

மருமகன் லயத்து வாசலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழுந்தான். "விடியமுன்னயே வலி கண்டுருச்சுங்க. ஓடிப் போயி அமுக்கினேன். செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. சரி, சேதி போயிருச்சு, மாமா வந்துருவாருன்னு இருந்தேன். வரலைன்னு திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒவ்வொரு வாட்டியும் எரிஞ்சுச்சுங்க."

எரியத்தான் செய்யும். அழுத்தினால் எரிகிற மாதிரி வைத்தவள் நான்தான். போய்ச் சேர்ந்ததா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. மேலே ஒருவன் விளக்கைப் பார்த்து நம்பிக்கொண்டு காத்திருந்தான், கீழே ஒருவர் காகிதத்தைப் பார்த்து நம்பிக்கொண்டு டீ குடித்தார். இருவருக்கும் நடுவில் நான் நின்றிருக்கிறேன். அறைக்குத் திரும்பி வந்து அந்தக் கடைசிப் பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன். பொத்தான் தேய்கிறதா என்று பார்ப்பதற்காக, எத்தனை முறை அழுத்தினார்கள் என்ற எண்ணிக்கையும் உள்ளே வரும்படி வைத்திருந்தேன். இருபத்திரண்டு என்று இருந்தது.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்ற உட்கார்ந்தேன். போடி பதில் சொன்னால்தான் விளக்கு நின்று எரியும், இல்லாவிட்டால் சிமிட்டும். பொத்தானுக்குத் தனிச் செய்தி. எல்லா ழகரத்துக்கும் ZH. காலேஜில் சிரித்தவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் நிற்பது போல இருந்தது. அழுதுகொண்டேதான் மாற்றினேன். நாலாம் எண்ணை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. புதுப் பெட்டிகள் வரும்வரை, படுத்துக் கிடந்த மூன்றையும் இல்லாத நாலையும் புரோகிராம் கால்மணிக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வேலைக்குத் திரும்பினார். மெலிந்திருந்தார். உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து அந்தக் கிழித்த காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது.

"இதுமட்டும் சொல்லலேன்னா என் மகளும் போயிருப்பா ஆத்தா," என்றார். "காலம்பற பூரா வலி இல்லேன்னு சொல்லுச்சு. வந்த ஒடனே வந்திருச்சுன்னு சொல்லுச்சு. பொய் சொல்லலையே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தப் பயதான் பொய் சொல்றான். விடியமுன்னயே வலியாம், இருவது தரம் அமுக்கினானாம். ஒரே ஒரு தரம்தான் அமுக்கியிருக்கான், அதுவும் மத்தியானம். தூங்கிட்டுக் கெடந்துட்டு இப்பக் கதை சொல்றான். வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னுட்டேன். மகளையும் அனுப்பப் போறதில்ல."

இப்போது சொல்லியாக வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கால்மணி ஆகிவிட்டது போலிருக்கிறது, பிரிண்டர் கடகடத்தது. அவர் பழக்க தோஷத்தில் எழுந்து போய்க் குனிந்தார். விரலை வைத்துக் கூட்டினார்.

"நாலுக்கு... வ..." நின்றது விரல். "இதென்ன, எழுத்து புதுசா இருக்கு? பஸ்சு மேல இங்கிலீசுல கழகம்னு எழுதுறதுல வருமே, அந்த எழுத்து." உதடு மெல்ல அசைந்தது. "வ... ழி. வழி. நாலுக்கு வழி இல்லை."

திரும்பி என்னைப் பார்த்தார். கையிலிருந்த பழைய காகிதத்தைப் புதிய வரிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"அன்னைக்குக் காலையில வந்ததும் இதுதானா ஆத்தா? வழியா?"

"ஆமாண்ணே."

"அவன் அமுக்கினானா?"

"இருபத்திரெண்டு தரம்ணே. பாக்கெட்டுலயே இருக்கு. வந்து சேர வழி இல்ல. நாந்தாண்ணே எழுத்தைத் தப்பாப் போட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "மலைக்குப் போயி அவனக் கூட்டியாரணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். ஜீப்பு கிளம்புகிற சத்தம் கேட்டது. காகிதம் மேசை மேலேயே கிடந்தது. அதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.